வீதியும் விதியும்



மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணிபுரிபவன் நான். கலைப் பட்டதாரி. மோட்டார் வாகனங்களைப் பற்றிப் பேசுவதற்கு இவருக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், அதிபர் ஒருவரின் மேசைக்கு வரும் காகிதங்களுள் மிகவும் கனமானது எது என்று என்னைக் கேட்டால், பரீட்சைப் பெறுபேற்றுத் தாள் என்று சொல்லமாட்டேன். மாணவர் சுற்றுலாவுக்கு ஒப்பமிட வேண்டிய கடிதம் என்றே சொல்வேன். நாற்பது ஐம்பது வீட்டுப் பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றி, "போய் வாருங்கள்" என்று அனுப்புவதற்குக் கையெழுத்திடும் ஒருவன், அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாதவனாக இருப்பது தகுமா? இந்தக் கேள்வியே என்னை இன்றைய பொருளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியும் அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டபடியும் இல்லாமல், உரிமையாளரின் விருப்பத்தாலோ தேவையாலோ மாற்றப்பட்ட வண்டிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அத்தகைய வண்டிகள் மீது விதிகள் இறுகிவருகின்றன. அந்த இறுக்கம் யாரைப் பாதிக்கிறது, எதற்காக இறுகுகிறது, உரிமையாளர் செய்யத்தக்கது யாது, அரசாங்கம் செய்யவேண்டியது யாது என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 2024ஆம் ஆண்டில் எங்கள் மாணவர்கள் பொலன்னறுவைக்குச் சுற்றுலா செல்ல ஏற்பாடாயிற்று. எங்கள் பகுதியில் பஸ் வண்டி வைத்திருக்கும் ஒருவர் மற்றவர்களைவிடக் குறைந்த வாடகைக்கு வருவதாகச் சொன்னார். அவர் என் பழைய மாணவர், நல்லவர், குடிப்பழக்கம் இல்லாதவர். அவருடைய வண்டியோ பிள்ளைகளின் கனவு வண்டி. முன்புறத்தில் பளபளக்கும் இரும்புக் கம்பிகள். நெற்றியில் வரிசை வரிசையாக நீலமும் பச்சையுமான விளக்குகள். உள்ளே தொலைக்காட்சித் திரை. பின்புறத்தில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள். பாடசாலை வாயிலில் அந்த வண்டியின் ஹோர்ன் ஒலித்தால் பத்தாம் வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

ஒப்பமிடுவதற்கு முன்னர் வண்டியை ஒருமுறை பார்க்க விரும்பினேன். ஊரில் கராஜ் நடத்தும் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றேன். எல்லோரும் அவரைப் "பாஸ்" என்றே அழைப்பர். அவர் விளக்குகளையும் பார்க்கவில்லை, கம்பிகளையும் பார்க்கவில்லை. நேரே வண்டியின் பின்பகுதிக்குச் சென்று, ஒலிபெருக்கிப் பெட்டியைத் தட்டிக் காட்டி, "சேர், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "அவசர வாயில்" என்றார். பிறகு நான் ஆசனங்களை எண்ணினேன். பதிவுச் சான்றிதழில் கண்டதைவிட ஆறு ஆசனங்கள் கூடுதலாக இருந்தன. அவற்றால் நடைபாதை ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நடக்கவேண்டிய அளவுக்குக் குறுகியிருந்தது.

"தம்பி, இந்தப் பெட்டியையும் இந்த ஆறு ஆசனங்களையும் கழற்றினால் உம்முடைய வண்டியிலேயே போவோம்" என்றேன். அவர் முகம் வாடிற்று. "சேர், இதெல்லாம் இல்லாட்டி ஆர் என்ர பஸ்ஸுக்கு வருவினம்? பிள்ளைகள் கேக்கிறதே இதைத்தானே!" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் வேறொரு எளிய வண்டியில் போய் வந்தோம். பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பழைய மாணவரோ பல மாதங்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கு அடிப்படையாக இருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்திருப்பினும், அதன் உயிர்க்கருத்து ஒன்றே. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று வீதியில் ஓடும் இரும்பு உருவம், மற்றது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் உள்ள எழுத்துருவம். இயந்திர இலக்கம், செசி இலக்கம், வண்டியின் வகுப்பு, நிறம், எரிபொருள், ஆசன எண்ணிக்கை ஆகியவை அந்த எழுத்துருவத்தின் அங்கங்கள். இந்த இரண்டு உருவங்களும் ஒத்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆகவே, எந்த மாற்றமும் செய்யவே கூடாது என்று சட்டம் கூறுவதாக எண்ணுவது தவறு. வண்டியின் நிறத்தை மாற்றலாம். பழுதான இயந்திரத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தலாம். ஆனால் அதை உரிய முறையில் திணைக்களத்துக்கு அறிவித்து, அனுமதி பெற்று, பதிவிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். மறைத்துச் செய்வதும், பாதுகாப்பைக் கெடுக்கும்படி செய்வதுமே குற்றமாகின்றன.

இந்தச் சட்டம் நெடுங்காலமாக இருந்தும், நடைமுறையில் கண்டும் காணாததுபோல் விடப்பட்டே வந்தது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனைத் திட்டம் 2008ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆனால் புகையை அளக்கும் கருவி, வெல்டிங் செய்த கம்பியைக் காணாது. தகுதி பார்க்கும் நாளில் சிலவற்றைக் கழற்றி வைத்து, மறுநாளே மீண்டும் பூட்டிக்கொள்ளும் தந்திரத்தையும் நாம் அறியாதவர்கள் அல்லோம்.

இந்நிலை 2025ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரி 1ஆம் திகதி "கிளீன் ஸ்ரீ லங்கா" என்னும் தேசிய வேலைத்திட்டம் தொடங்கப்பட்டது. அதையொட்டி, பஸ் வண்டிகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டப்பட்டிருந்த பொருள்களைப் பொலிஸார் சோதிக்கலாயினர். தனியார் பஸ் சங்கங்களும் முச்சக்கர வண்டிச் சங்கங்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பின. பேச்சுவார்த்தையின் பின், அவற்றைக் கழற்றிக்கொள்வதற்கு அவகாசம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் பேரொலி எழுப்பும் சைலன்சர், கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, காதைப் பிளக்கும் ஹோர்ன் ஆகியவற்றுக்கு எதிரான சோதனைகள் மீண்டும் கடுமையாயின.

அதே ஆண்டு மே 11ஆம் திகதி கொத்மலைப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செப்டம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் விழுந்து 15 பேர் மாண்டனர். இவ்விரண்டும் வண்டியை மாற்றியமைத்ததால் நேர்ந்தவை என்று நான் கூறவில்லை. ஆனால், ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை வீதிகளில் பலிகொடுக்கும் நாடு, தன் வண்டிகளைக் கூர்ந்து நோக்காமல் இருக்க இயலாது என்பதை அவை எல்லோருக்கும் உணர்த்தின.

சரி, ஒரு கம்பியைப் பூட்டுவதாலும் ஒரு விளக்கை மாட்டுவதாலும் என்ன கேடு வந்துவிடும்? இக்கேள்வியை நான் பாஸிடமே கேட்டேன். அவர் கராஜ் வாயிலில் ஒரு பழைய ரயர் மீது அமர்ந்தபடி எனக்கு நடத்திய பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, முன்புறத்து இரும்புக் கம்பி. இக்காலத்து மோட்டார் வண்டியின் முன்பகுதி, மோதும்போது தானே நசுங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. அந்த நசுங்கல் மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பலத்த கம்பியைப் பூட்டினால், அடி நேரே வண்டியின் சட்டகத்துக்குச் செல்கிறது. காற்றுப்பை உள்ள வண்டியாயின், அது விரியவேண்டிய கணம் தவறவும் கூடும். வெளியே நிற்பவன் நிலை இன்னும் மோசம். வளைந்து கொடுக்கும் தகட்டுக்குப் பதிலாக வளையாத இரும்பு அவன் மேல் மோதுகிறது. ஒரு சிறுவனுக்கு அந்தக் கம்பியின் உயரம் எங்கே வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். நெஞ்சுக்கும் தலைக்கும் நேராக வரும். இத்தகைய கம்பிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலேயே கட்டுப்படுத்தியது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய மத்திய அரசும் அவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

இரண்டாவது, விளக்கு. இரவில் வீதியில் வண்டிகள் விளக்கின் மூலமே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வெள்ளை ஒளி வந்தால் வண்டி எதிரே வருகிறது. சிவப்பு ஒளி தெரிந்தால் முன்னே போகிறது. மஞ்சள் கண்சிமிட்டினால் திரும்பப் போகிறது. இது உலகமெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு மொழி. நெற்றியில் பல வண்ண விளக்குகளை மினுக்கும் வண்டி, இந்த மொழியில் பிதற்றுகிறது. மேலும், ஒரு விளக்கின் உள்ளிருக்கும் வளைந்த கண்ணாடி, அதற்கென அமைந்த குமிழின் ஒளியை வீதியில் விழச் செய்வதற்காகவே உருவாக்கப்பட்டது. அதற்குப் பொருந்தாத வேறொரு குமிழை இட்டால் ஒளி சிதறி, எதிரே வருபவன் கண்ணில் விழும். கண் கூசியவன் சில கணங்கள் குருடன். அந்தச் சில கணங்களில் அவன் வண்டி பல மீற்றர் தூரம் ஓடிவிடும். மேலதிக விளக்குகளுக்காக மின்கம்பிகளை வெட்டி ஒட்டுவதால் சூடேறித் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

மூன்றாவது, ரயர். தொழிற்சாலை விதித்த அளவிலும் பெரிய ரயர் போட்டால் வேகமானி பொய் சொல்லும். ரயரின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடினால், மானி 50 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி உண்மையில் 55 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நம் மாணவர்கள் விஞ்ஞான பாடத்தில் படிப்பதுதான். அறியாமல் கூடும் வேகமும் அந்தக் கணக்குக்கு உட்பட்டதே.

நான்காவது, பாரம். முச்சக்கர வண்டிக்கு முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. பின் சக்கரங்களுக்கு அப்பால் ஒரு தட்டைப் பொருத்திப் பாரம் ஏற்றினால், அது சிறுவர் ஏறும் ஏற்றப்பலகை போலாகும். பின்புறம் தாழ, முன்சக்கரம் மண்ணைப் பற்றும் பிடி தளரும். எங்கள் பகுதியின் ஏற்றங்களில் அந்தப் பிடி தளர்ந்தால், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. கூரை மேல் பாரம் ஏற்றினாலோ, வளைவில் வண்டி கவிழ்வதற்கு மிகச் சிறிய தவறே போதும்.

ஐந்தாவது, சைலன்சர். துளையிட்ட குழாய்களும் அறைகளும் கொண்டு இயந்திரத்தின் வெடியோசையை அடக்கும் கருவி அது. அதைக் குடைந்து வெறுங்குழாயாக்கினால் பலம் பெருகும் என்று இளைஞர்கள் நம்புகின்றனர். உண்மையில் பெருகுவது பெரும்பாலும் ஓசையே. பரீட்சை மண்டபத்தில் நின்று இதைக் கேட்டவன் என்ற முறையில், இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இப்பாடம் வெறும் ஏட்டுப்பாடம் அன்று என்பதற்கு அண்டை நாட்டில் நிகழ்ந்த துயரம் ஒன்று சான்றாகிறது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி இரவு, கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரி அருகே, பாடசாலை மாணவர்களை உதகமண்டலத்துக்கு ஏற்றிச்சென்ற சுற்றுலா பஸ் ஒன்று, முன்னே சென்ற அரசாங்க பஸ்ஸின் பின்புறத்தில் மோதிற்று. மாணவர் ஐவர், ஆசிரியர் ஒருவர், அரசாங்க பஸ்ஸில் இருந்த பயணிகள் மூவர் என ஒன்பது பேர் மாண்டனர். வண்டியின் வேகத்தை எல்லைக்குள் நிறுத்துவதற்காகப் பூட்டப்பட்டிருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் அமைப்பு மாற்றப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டறிந்தனர். அதன் பின் கேரள உயர் நீதிமன்றமே தலையிட்டு, வண்ண விளக்குகளும் பேரொலிப் பெட்டிகளும் பூட்டிய சுற்றுலா வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் செய்தது. சுற்றுலா பஸ்கள் யாவும் வெண்ணிறம் பூசிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் விரைவாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி, ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே ஓடிக்கொண்டிருந்த பஸ் தீப்பற்றி இருபது பேருக்கு மேல் கருகி மாண்டனர். குளிரூட்டி இல்லாத வண்டியாகப் பதிவு செய்யப்பட்டு, பின்னர் குளிரூட்டி பொருத்தி மாற்றியமைக்கப்பட்ட வண்டி அது என்று அக்காலச் செய்திகள் கூறின.

அந்தச் செய்தியைப் படித்த இரவு, எங்கள் ஊர் பஸ்ஸின் பின்புறத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்த அந்த வாயில் என் கண்முன் வந்து நின்றது.

இந்தியாவில் இதுபற்றிய சட்ட நிலையையும் சுருக்கமாகக் கூறுகிறேன். அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது. உற்பத்தியாளர் விதித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது, பதிவில் உள்ள ஏனைய விபரங்களை உரியவாறு பதிந்து மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 இந்திய ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. அதே வேளையில், உடற்குறை உடையோரின் பயன்பாட்டுக்காக மாற்றியமைக்கப்படும் வண்டிகளை இந்தியச் சட்டம் தனி வகையாக ஏற்றுக்கொண்டுமிருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று.

ஏனெனில், மாற்றம் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. அழகுக்காகச் செய்யப்படுவது உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யப்படுவதும் உண்டு. உடல் இயலாமையை வெல்வதற்காகச் செய்யப்படுவதும் உண்டு.

எங்கள் பகுதியில் ஒருவர் தம் முச்சக்கர வண்டியின் பின்னால் ஓர் இரும்புத் தட்டு ஒட்டியிருந்தார். கத்தரிக்காயும் மிளகாயும் மூட்டைகட்டி, விடியுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு செல்வதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. மற்றொருவர் ஒரு காலை இழந்தவர். தம் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் துணைச் சக்கரங்கள் பூட்டி, பிறர் தயவின்றி நடமாடி வந்தார். விதி இறுகியதும் இருவருமே அஞ்சினர். நெற்றியில் நீல விளக்கு மாட்டியவரையும் இவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகுமா?

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், இருந்த வண்டியை ஒட்டியும் தைத்தும் ஓட்டுவதைத் தவிர எளியவருக்கு வேறு வழி இருக்கவில்லை. உதிரிப்பாகங்களின் விலை ஏறிற்று. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகளில் நாள் கணக்கில் காத்திருந்ததையும் நாம் மறக்கவில்லை. கிடைத்த இயந்திரம், கிடைத்த கதவு, கிடைத்த ரயர் என்று ஓடிய வண்டிகள் பல. லீசிங் பணம் மாதந்தோறும் கட்டவேண்டிய ஒருவருக்கு, வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டு அடுப்பும் நிற்கும். ஆதலின், பல மாற்றங்கள் ஆணவத்தால் விளைந்தவை அல்ல, காலத்தின் கொடுமையால் விளைந்தவை என்பதை அதிகாரிகள் உணர்தல் வேண்டும்.

ஆனால் நேயர்களே, தேவை உண்மையானது என்பதனால் ஆபத்து பொய்யாகிவிடாது. காய்கறி மூட்டைக்காகப் பூட்டிய தட்டும் முன்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தவே செய்யும். ஏற்றப்பலகைக்கு ஏழை பணக்காரன் தெரியாது. ஆகவே, நான் சொல்ல வருவது இதுதான். நாம் கேட்கவேண்டியது விதி தளர்ந்திருப்பதை அன்று. விதி தெளிவாக இருப்பதையே. தளர்ந்த விதி நல்ல மாற்றத்தையும் காப்பதில்லை. வழியில் நிற்கும் அதிகாரியின் மனநிலைக்கு அதை ஒப்படைத்துவிடுகிறது. தெளிவான விதியோ, காலிழந்தவரின் துணைச் சக்கரத்துக்கு ஓர் ஒப்புதல் பத்திரத்தைக் கொடுத்து, அவசர வாயிலை மறைக்கும் பெட்டியைக் கழற்றச் சொல்லும்.

அத்தெளிவுக்காக அரசாங்கத்திடம் நாம் பணிவுடன் கேட்கத்தக்கவை சில உள. எது முற்றிலும் தடை, எது அனுமதியோடு கூடும், எதற்கு அனுமதியே தேவையில்லை என்ற பட்டியல், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிரதேச செயலகங்கள் தோறும் ஒட்டப்படட்டும். மாற்றத்தைப் பரிசோதித்துப் பதியும் வசதி, ஒரு நாள் கூலியை இழந்து தொலைதூரம் போகாமல் கிடைக்கட்டும். கழற்றுவதற்கு அவகாசம் கொடுத்தால், அதன் இறுதி நாளும் தெளிவாக அறிவிக்கப்படட்டும். அனைத்துக்கும் மேலாக, பூட்டக்கூடாத பொருளைக் கடைவாசலில் தொங்கவிட்டு விற்பவரை விட்டுவிட்டு, வாங்கிப் பூட்டியவரை மட்டும் தண்டிக்கும் முறை மாறட்டும். விற்பவனிடம் கேட்காத கேள்வியைச் சாரதியிடம் மட்டும் கேட்டால், விதியின் மீதுள்ள மதிப்பே குறைந்துபோகும்.

உரிமையாளர்களுக்கும் சில சொல்வேன். இன்று மாலையே உங்கள் வண்டியின் பதிவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வண்டியின் முன் நில்லுங்கள். நிறம், ஆசனம், இயந்திர இலக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருப்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுள் உயிருக்கு ஊறு செய்பவற்றை முதலில் கழற்றுங்கள். வாயிலை மறைப்பது, கண்ணைக் கூசச் செய்வது, நிறுத்தும் ஆற்றலையும் திருப்பும் ஆற்றலையும் குறைப்பது ஆகிய மூன்றுக்கும் அவகாசம் கேட்க வேண்டாம். பதியத்தக்க மாற்றமாயின் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிந்துகொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்து வைத்த மாற்றம் விபத்தின் பின் வெளிப்பட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும். பழைய வண்டியை வாங்குவோர், பணம் கொடுக்குமுன் இந்த ஒப்பீட்டைச் செய்துகொள்ளுங்கள். இன்னொருவர் செய்த மாற்றத்துக்குரிய தண்டம் உங்கள் தலையில் விழாதிருக்க அதுவே வழி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மின்னும் வண்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பது பிள்ளைகளின் இயல்பு. மறுப்பது நம் கடமை. நாம் வாடகை கொடுக்கும்வரை அந்த விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். விதியை மீறிய வண்டிக்கு உரிமையாளர் ஒருவர்தான் எனினும், அதை விரும்பி வளர்த்தவர்கள் நாம் எல்லோரும் அல்லவா?

இறுதியாக, என் பழைய மாணவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2025ஆம் ஆண்டில் சோதனைகள் இறுகிய பின் ஒருநாள் அவர் பாடசாலைக்கு வந்தார். வண்டியை வாயிலில் நிறுத்தியிருந்தார். முன்கம்பியும் இல்லை, நெற்றி விளக்கும் இல்லை. பூட்டுவதற்குச் செலவழித்ததும் கழற்றுவதற்குச் செலவழித்ததுமாக எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார். சிறிய தொகை அன்று. "சேர், படிக்கிற காலத்தில எனக்குச் செய்யுள் எல்லாம் படிப்பிச்சீங்கள். வண்டிப் புத்தகத்தை எப்படி வாசிக்கிறது எண்டு ஆரும் படிப்பிக்கேல்லையே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை.

நான் எழுந்துபோய் வண்டிக்குள் ஏறினேன். ஆறு ஆசனங்களும் போயிருந்தன. நடைபாதையில் நேராக நடக்க முடிந்தது. பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவசர வாயிலின் கைப்பிடியை அழுத்தினேன். பல ஆண்டுகள் திறவாத கதவு முதலில் இறுகி நின்றது. இரண்டாம் முறை அழுத்தியதும் திறந்துகொண்டது. வெளியே எங்கள் பாடசாலை முற்றமும் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் தெரிந்தனர்.

அடுத்த சுற்றுலாவுக்கான கடிதத்தில் அந்த வண்டியின் இலக்கத்தை எழுதி ஒப்பமிட்டேன். அத்துடன், உயர்தர வகுப்பில் வாரம் ஒருநாள், வாழ்க்கைக்கு வேண்டிய பத்திரங்களை வாசிக்கப் பழக்குவதென்றும் முடிவு செய்தேன். காணி உறுதி, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றோடு வாகனப் பதிவுச் சான்றிதழும் அதில் ஒரு பாடம். முதற் பாடத்துக்குச் சான்றிதழைத் தந்து உதவியவர் அந்த பஸ் உரிமையாளரே.